கியர்பாக்ஸை இறக்கியாச்சு, கிளட்ச்சை என்ன செய்யலாம்?

"கியர்பாக்ஸை இறக்கிட்டோமுங்க. அப்படியே கிளட்ச்சையும் மாத்திப் போட்டுறலாமுங்களா?" என்று போனில் கேட்டால் மறுமுனையில் பேச்சு நின்றுவிடும். கியர்பாக்ஸ் வேலைக்குத்தானே வண்டியை விட்டோம், இப்போது கிளட்ச் என்கிறார்கள், நாளைக்கு இன்ஜினும் போச்சு என்பார்களோ என்று அவர் யோசிப்பது எனக்குப் புரியும். பொள்ளாச்சியில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு அந்தச் சந்தேகம் நியாயமானதாகவே படுகிறது. வண்டிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லாதவரிடம் பல ஆயிரம் ரூபாய்க்குச் சம்மதம் கேட்கிறோம். இப்படி ஒரு போன் வந்தால் எதைக் கேட்க வேண்டும், எதைக் கண்ணால் பார்க்க வேண்டும், எப்போது மாற்றச் சொல்லலாம், எப்போது வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பது கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கிளட்ச் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். இன்ஜினின் ஒரு முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் இருக்கும். இன்ஜின் ஓடுகிற வரைக்கும் அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன்மேல் பிரஷர் பிளேட்டை வைத்து போல்ட் முடுக்கியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் சிக்கியிருப்பதுதான் கிளட்ச் பிளேட். சின்னக் கார்களில் சுமார் 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடு அது. இரண்டு பக்கமும் லைனிங் வைத்து ரிவெட் அடித்திருக்கும். அதன் நடுத்துளையில் உள்ள பற்கள், கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட்டில் பொருந்தி உட்காரும். பெடலை மிதிக்காதபோது பிரஷர் பிளேட்டில் உள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங், தகட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. இன்ஜின் சுற்றுவது கியர்பாக்ஸுக்குப் போகிறது. பெடலை மிதித்தால் ஃபோர்க் என்கிற கவை, ரிலீஸ் பேரிங்கை முன்னால் தள்ளும். பேரிங் ஸ்பிரிங்கின் விரல்களை அமுக்கும். பிடி தளர்ந்து தகடு தனியே நிற்கும். இத்தனையும் கியர்பாக்ஸின் வாய்க்குள் மூடிக் கிடக்கின்றன. கியர்பாக்ஸைக் கழற்றாமல் கிளட்ச்சை மாற்ற முடியாது, ஒழுங்காகப் பார்க்கவும் முடியாது.

அந்தக் கழற்றல் லேசான வேலை கிடையாது. முன்சக்கரம் இழுக்கிற கார் என்றால் பேட்டரியை எடுக்க வேண்டும், ஏர் ஃபில்டர் பெட்டியை எடுக்க வேண்டும், கியர் ஆயிலை வடிக்க வேண்டும். பிறகு இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் கேபிள், மவுண்டிங் என்று வரிசையாகக் கழற்றி, இன்ஜின் கீழே சாயாமல் மேலிருந்து தொங்கவிட்டு, அப்புறம்தான் கியர்பாக்ஸைப் பின்னுக்கு இழுத்து இறக்க முடியும். திரும்ப ஏற்றும்போதும் அதே பாடு. எங்கள் பக்கம் ஒரு சின்ன பெட்ரோல் காருக்குக் கிளட்ச் செட் 5,000 ரூபாய் அளவில் வருகிறது. இறக்கி ஏற்றுகிற கூலி 3,000 ரூபாய் அளவில் ஆகிறது. ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி இது மாறும். ஆனால் கிளட்ச் மாற்றுகிற செலவில் இந்தக் கூலியும் கணிசமான பங்கு என்பது எங்கேயும் மாறாது. கியர்பாக்ஸ் வேலைக்காக ஏற்கெனவே இறக்கியிருந்தால் அந்தக் கூலியை ஒரு தடவை கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாரம் கட்டியிருக்கும்போதே மேல்சுவர் விரிசலையும் பூசிவிடுவதைப் போல, இப்போது கிளட்ச்சை மாற்றினால் பொருளுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

இந்தக் கணக்கை வைத்துத்தான் பல பட்டறைகளில் "கியர்பாக்ஸ் இறங்கினா கிளட்ச்சையும் மாத்திரணும்" என்று சட்டம் மாதிரி சொல்கிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. நல்ல கிளட்ச்சைக் கழற்றிக் குப்பையில் போடுவதும் ஒருவருடைய பணத்தை வீணாக்குவதுதான். நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: அடுத்த தடவை இந்த கியர்பாக்ஸ் எப்போது இறங்கும், அதுவரைக்கும் இந்தக் கிளட்ச் தாங்குமா? இதற்குப் பதில் ஓடோமீட்டரில் கிடைக்காது. வெர்னியர் என்ற அளவுக் கருவியில் கிடைக்கும், வண்டி எங்கே ஓடுகிறது, யார் ஓட்டுகிறார், இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறார் என்பதில் கிடைக்கும்.

உடுமலைப்பேட்டையில் ஒரு டீச்சர். பள்ளிக்கூடம், வீடு, மாதம் ஒரு தடவை பழனி, அவ்வளவுதான் அவருடைய ஓட்டம். சமவெளிச் சாலை, 62,000 கிலோமீட்டர் ஓடின ஸ்விஃப்ட். நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸில் ஒரு இரைச்சல். இறக்கிப் பார்த்தால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் போயிருந்தது. கிளட்ச் பிளேட்டை எடுத்துத் துடைத்து, லைனிங்கின் மேல்மட்டத்திலிருந்து ரிவெட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியரால் அளந்தேன். பிளேட்டைப் பற்றி முதலில் பார்க்க வேண்டியது இந்த அளவுதான். லைனிங் தேயத் தேய ரிவெட் தலை மேலே வந்துகொண்டே இருக்கும். அது மேல்மட்டத்தைத் தொட்டுவிட்டால் இரும்பும் இரும்பும் உரசி ஃப்ளைவீலில் கோடு கோடாகக் கீறிவிடும். பல கம்பெனிக் கையேடுகளில் குறைந்தபட்ச ஆழம் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை கொடுத்திருக்கிறார்கள். டீச்சர் வண்டிக்கு வாங்குகிற புதுப் பிளேட்டில் ஆழம் சுமார் 1.2 மில்லிமீட்டர் இருக்கும். கழற்றியதில் இரண்டு முகத்தையும் அளந்து, அதிகமாகத் தேய்ந்த பக்கத்தைக் கணக்கில் எடுத்தால் 0.8 இருந்தது. எல்லை 0.5 என்று வைத்தாலும் 62,000 கிலோமீட்டரில் 0.4 தேய்ந்திருக்கிறது, இன்னும் 0.3 மிச்சம். அதே ஓட்டம் ஓட்டினால் கிட்டத்தட்ட 46,000 கிலோமீட்டர் வரும். அவர் வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார்.

"இப்ப மாத்தலைன்னா, மறுபடியும் இறக்குற மாதிரி ஆயிருமாங்ணா?" என்று கேட்டார்.

"அஞ்சு வருசத்துக்குப் பயமில்லீங்க டீச்சர். கருகலும் இல்ல, ஆயிலும் படல. ரிலீஸ் பேரிங்கும் சீலும் மட்டும் புதுசு போட்டுக்கலாமுங்க."

அப்படியே செய்தோம். பிரஷர் பிளேட், ஃப்ளைவீல் இரண்டையும் பார்த்து, அவையும் நன்றாக இருந்ததால் பழைய பிளேட்டையே திரும்பப் போட்டேன். அந்த டீச்சருக்குப் புதுக் கிளட்ச் செட் விற்றிருந்தால் அவருக்கு ஒன்றும் கெட்டுப்போயிருக்காது என்று சிலர் வாதாடுவார்கள். சம்பளத்தில் காரின் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு 5,000 ரூபாய் சின்னத் தொகை கிடையாது.

இதற்கு நேரெதிராக, வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒருவரின் கார் வந்தது. ஓடியிருந்தது 28,000 கிலோமீட்டர்தான். இரண்டாவது கியர் விழும்போது கரகரவென்று சத்தம். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் வால்பாறைக்குப் போக வேண்டும். வளைவில் எதிரே பஸ் இறங்கி வந்தால் பலர் பிரேக்கைப் பிடித்து நிற்பதில்லை. பெடலைப் பாதி மிதித்தபடி ஆக்ஸிலரேட்டரை அமுக்கி வண்டியை அந்தரத்தில் நிறுத்தி வைப்பார்கள். ஹாஃப் கிளட்ச் என்பது இதுதான். தகடு ஃப்ளைவீலோடு ஒட்டவும் ஒட்டாமல், விலகவும் விலகாமல் தேய்ந்துகொண்டே நிற்கும். இன்ஜினின் வேலை முழுக்கச் சூடாக மாறி லைனிங்கைக் கருக்கும். இந்த வண்டியின் பிளேட்டில் ரிவெட் ஆழம் இன்னும் நிறைய இருந்தது. அளவை மட்டும் பார்த்திருந்தால் நல்ல பிளேட் என்று சொல்லிவிடலாம். ஆனால் லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தது, கருகிய வாடை அடித்தது. ஃப்ளைவீலின் முகத்தில் நீலப் புள்ளிகள், அதைச் சுற்றி மெல்லிய வெடிப்புக் கோடுகள். அப்படிப்பட்ட தகடு சரியாகப் பிடிக்காது. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் மாற்றி, ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகம் பிடித்து வாங்கிப் போட்டோம்.

மலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. இறங்குகிறவர்கள் அதை மதித்து ஒதுங்கி நின்றாலே வால்பாறைச் சாலையில் பாதிக் கிளட்ச்கள் பிழைத்துவிடும். ஏறுகிறவர்கள் நின்றே தீர வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நியூட்ரலுக்கு மாற்றி, பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

அந்த எஸ்டேட் வண்டியில் இரண்டாவது கியர் ஏன் கெட்டது என்பதும் முக்கியம். கியர் மாற்றும்போது இரண்டு வேகத்தில் சுற்றும் பாகங்களைச் சமமாக்குவதற்குப் பித்தளையில் சிங்க்ரோ ரிங் என்று ஒன்று இருக்கிறது. 1928-ல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் இந்த ஏற்பாடு வந்தது. அதற்கு முன்னால் டிரைவர்கள் ஒவ்வொரு கியருக்கும் இரண்டு தடவை கிளட்ச் மிதித்து, வேகத்தைக் காதால் கேட்டுக் கணித்துத்தான் கியர் போட்டார்கள். சிங்க்ரோ ரிங் மெல்லியது. கிளட்ச் முழுசாக விலகினால்தான் அதனால் தன் வேலையைச் செய்ய முடியும். சூட்டில் வளைந்த பிளேட், வளைந்த ஸ்பிரிங் விரல், காற்று நுழைந்த ஹைட்ராலிக் லைன் போன்ற காரணங்களால் கிளட்ச் பாதியில் ஒட்டிக்கொண்டே இருந்தால், அந்தச் சின்னப் பித்தளை வளையம் சுற்றிக்கொண்டிருக்கும் இன்ஜினையே பிடித்து நிறுத்தப் போராட வேண்டியிருக்கும். சீக்கிரமே தேய்ந்துபோகும். இந்த மாதிரி வண்டியில் சிங்க்ரோ ரிங்கை மட்டும் மாற்றிவிட்டு அதே கிளட்ச்சோடு அனுப்பினால், அதே இரண்டாவது கியர் அதே சத்தத்தோடு திரும்பி வரும். கியர்பாக்ஸைக் கெடுத்ததே கிளட்ச்தான் என்று தெரிந்தால், லைனிங் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கிளட்ச்சைச் சரிசெய்தே ஆக வேண்டும். இந்த இடத்தில் நான் பேரம் பேசுவதில்லை.

ஆகவே கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன்னால் நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். காலை எடுத்திருக்கும்போது இரைச்சல் கேட்டு, பெடலை முழுக்க மிதித்ததும் அது நின்றுபோனால் அது பெரும்பாலும் கியர்பாக்ஸுக்குள் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்ததும் ஷாஃப்ட் நின்றுவிடுவதால் சத்தமும் நிற்கிறது. தலைகீழாக, சும்மா இருக்கும்போது அமைதியாக இருந்து, மிதித்ததும் கீச்சென்றோ உர்ரென்றோ கேட்டால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்தது ரிவர்ஸ் சோதனை. நின்றிருக்கும் வண்டியில் பெடலை முழுக்க மிதித்து, நான்கைந்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் முழுசாக விலகியிருந்தால் அதற்குள் ஷாஃப்ட் நின்றிருக்கும், கியர் சத்தமில்லாமல் விழும். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் விலகவில்லை. கேபிள் கிளட்ச் என்றால் கேபிள் இழுத்து நீண்டிருக்கலாம், அட்ஜஸ்ட்மென்ட் தவறியிருக்கலாம். ஹைட்ராலிக் என்றால் ஆயில் குறைந்திருக்கலாம். சில நூறு ரூபாய்க் கேபிளில் முடிய வேண்டிய வேலைக்குக் கியர்பாக்ஸையே பிரித்துப் போட்டிருப்பதை வேறு ஊர்களிலிருந்து வந்த வண்டிகளில் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கிளட்ச் வழுக்குகிறதா என்பதை மேட்டில் பார்க்கலாம். மூன்றாவது அல்லது நான்காவது கியரில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் எகிறி, வண்டியின் வேகம் கூடவில்லை என்றால் தகடு வழுக்குகிறது. இப்படிப்பட்ட வண்டி கியர்பாக்ஸ் வேலைக்கு வந்தால் கேள்விக்கே இடமில்லை. பெடல் ரொம்ப மேலே வந்து பிடிக்கிறது என்றாலும் தகடு தேய்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம். வண்டியை விடும்போதே இந்த விவரத்தை மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். கழற்றிய தகட்டைப் பார்த்து நாங்கள் எவ்வளவுதான் கணித்தாலும், தினமும் மிதிக்கிற காலுக்குத் தெரிவது எங்களுக்குத் தெரியாது.

இனி இறக்கிய பிறகு. பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். போக முடியாவிட்டால் வெர்னியரின் அளவு தெரிகிற மாதிரி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். பிளேட்டைக் கையில் வாங்கி ஆட்டிப் பாருங்கள்: நடுவில் வட்டமாக இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் லொடலொடவென்று ஆடினால் ஆயுள் முடிந்தது. அதை இன்புட் ஷாஃப்ட்டில் செருகித் திருப்பினால் அதிகமாக ஆட்டம் இருக்கக் கூடாது. பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்களின் நுனியில் பேரிங் உரசிய தடம் இருக்கும். லேசான பளபளப்பு இயல்பு. நகம் வைத்தால் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தாலோ, விரல்கள் ஒன்றுக்கொன்று மட்டம் தவறி நின்றாலோ அதை மாற்ற வேண்டும். ரிலீஸ் பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் போச்சு. ஒன்றை எங்கள் பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்: ரிலீஸ் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள். உள்ளே கிரீஸ் வைத்து அடைத்து வருகிற பேரிங் அது; கழுவினால் கிரீஸ் போய்விடும், சில மாதத்தில் கத்த ஆரம்பிக்கும்.

பிளேட் எப்படி இருந்தாலும் நான் மாற்றுகிற சில சில்லறைச் சாமான்கள் உண்டு. ரிலீஸ் பேரிங், இன்புட் ஷாஃப்ட் ஆயில் சீல், டிரைவ் ஷாஃப்ட் சீல், கிளட்ச் ஃபோர்க்கின் புஷ் தேய்ந்திருந்தால் அது. இன்ஜினின் பின்பக்க கிராங்க் ஆயில் சீலில் ஈரம் தெரிந்தால் அதையும் மாற்றிவிடுவேன். இவற்றில் பலவும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஆனால் ஒன்று பழுதானாலும் மறுபடி மொத்தக் கூலியும் கொடுத்துக் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். சில கார்களில் கிளட்ச் சிலிண்டரும் பேரிங்கும் ஒன்றாகச் சேர்ந்து கியர்பாக்ஸின் வாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதன் விலை கொஞ்சம் அதிகம்தான். வண்டி நிறைய ஓடியிருந்தால் அதையும் மாற்றிவிடுவதே நல்லது என்பேன், ஏனென்றால் அது கசிந்தால் கிளட்ச் ஆயில் நேராகத் தகட்டின் மேல்தான் தெறிக்கும்.

ஆயிலைப் பற்றிச் சொல்லும்போது ஆனைமலைப் பக்கத்து விவசாயி ஒருவரின் பிக்கப் நினைவுக்கு வருகிறது. தேங்காய் ஏற்றுகிற வண்டி. கியர்பாக்ஸ் பேரிங்குக்காக இறக்கினோம். பிளேட் நல்ல தடிமனோடுதான் இருந்தது. ஆனால் கிராங்க் சீல் கசிந்து லைனிங் முழுக்க ஆயில் ஊறிக் கிடந்தது.

"பெட்ரோல்ல நல்லாக் கழுவி வெயில்ல காயப்போட்டா ஆவாதுங்களா தம்பி?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் அழுக்குதானே என்று தோன்றும். லைனிங் நுண்துளைகள் நிறைந்த பொருள். ஆயில் அதன் உள்ளுக்குள் இறங்கிவிடும். வெளியே கழுவினால் அன்றைக்குக் காய்ந்த மாதிரி தெரியும். பாரம் ஏற்றிக்கொண்டு போகும்போது சூட்டில் ஆயில் மறுபடி மேலே கசிந்து தகடு வழுக்கும், வண்டி உதறும். ஆயில் ஊறின பிளேட்டை மாற்றத்தான் வேண்டும். அதைவிட முக்கியம், ஆயில் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது. கியர் ஆயிலுக்கு ஒரு காட்டமான கந்தக வாடை உண்டு. இன்ஜின் ஆயிலுக்கு அது இல்லை. மோந்து பார்த்தாலே எந்தச் சீல் என்று பாதி தெரிந்துவிடும். சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போடுவது அந்தப் பிளேட்டையும் ஆயிலில் முக்குவதற்குச் சமம்.

பிளேட்டை மட்டும் மாற்றி பிரஷர் பிளேட்டை விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. இரண்டும் ஒன்றோடொன்று உரசி ஒன்றாகத் தேய்ந்தவை. டயாஃப்ரம் ஸ்பிரிங்கும் சூட்டில் அடிபட்டுப் பிடி தளர்ந்திருக்கும். பழைய பிரஷர் பிளேட்டின் மேடுபள்ளத்தில் புது லைனிங் முழுசாகப் படியாது. அங்கங்கே மட்டும் தொட்டு அங்கங்கே கருகும். ஆகவே பிளேட் மாற்றினால் செட்டாகவே மாற்றுங்கள். லாரிக்கும் டிராக்டருக்கும் பழைய பிளேட்டில் புது லைனிங் வைத்து ரிவெட் அடித்துத் தருகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. காருக்கு அது வேண்டாம். லைனிங் புதிதாக இருந்தாலும் நடு ஸ்பிரிங்கும் பற்களும் பழையவையே.

புது செட் வாங்கும்போது பில்லில் கம்பெனிப் பெயரும் பார்ட் நம்பரும் இருக்க வேண்டும். நல்ல கிளட்ச்சுக்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. ஜெர்மனியில் பிறந்த லூக் கம்பெனியின் கிளட்ச்கள் நம் ஓசூரிலேயே தயாராகின்றன. சென்னையில் ரானேயும் பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் கிளட்ச் லைனிங் செய்கின்றன. இவ்வளவு பக்கத்தில் நல்ல பொருள் இருக்கும்போது, சில நூறு ரூபாய் மிச்சமென்று பெயர் தெரியாத பெட்டியில் வருகிற டூப்ளிகேட்டைப் போட்டு அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. கழற்றின பழைய சாமானை ஒரு பையில் போட்டு வண்டியிலேயே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கொடுக்க மறுக்கிற பட்டறைக்கு மறுபடி போக வேண்டாம்.

கணக்கு கடினமாகிற ஒரு வகை இருக்கிறது. ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் டீசல் போன்ற கார்களில் ஃப்ளைவீல் ஒற்றை இரும்பாக இருக்காது. இரண்டு பாகங்களாகச் செய்து நடுவில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்பார்கள். 1985-ல் லூக் கம்பெனி இதைத் தொழிற்சாலைத் தயாரிப்புக்குக் கொண்டுவந்தது. டீசல் இன்ஜினின் துடிப்பு கியர்பாக்ஸுக்குள் போகாமல் வாங்கிக்கொள்வது இதன் வேலை. இன்ஜினை அணைக்கும்போது கடகடவென்று சத்தம் வந்தாலோ, கழற்றிக் கையால் திருப்பும்போது இரண்டு பாகத்துக்கும் நடுவில் அளவுக்கு மீறிய ஆட்டம் இருந்தாலோ மாற்ற வேண்டிவரும். விலை கிளட்ச் செட்டைப்போல் சில மடங்கு. சாதாரண ஃப்ளைவீல் மாதிரி லேத்தில் கொடுத்துச் சரிசெய்யவும் முடியாது. அதனால் சிலர் இதைத் தூக்கிவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் போட்டுக்கொள்கிறார்கள். ஓடும், ஆனால் அந்தத் துடிப்பு முழுக்க இப்போதுதான் காசு கொட்டிச் சரிசெய்த கியர்பாக்ஸின் பேரிங்குக்கும் பற்களுக்கும் போகிறது. நான் அதைச் செய்து கொடுப்பதில்லை. வண்டியை இரண்டு வருடத்தில் விற்கப்போகிறவர், ஃப்ளைவீலின் ஆட்டம் கம்பெனி சொன்ன அளவுக்குள் இருந்தால், பழையதையே விட்டுவிட்டு வாங்குகிறவரிடம் உண்மையைச் சொல்லி விற்கலாம். நீண்ட காலம் வைத்திருப்பவர், ஆட்டம் எல்லையை நெருங்கியிருந்தால், இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

கிளட்ச் பெடல் இல்லாத கார் வைத்திருப்பவர்களும் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். 2014-ல் செலேரியோவோடு இங்கே பரவலான ஏஎம்டி வண்டிகளில் பெடல்தான் கிடையாது. உள்ளே அதே பிளேட், அதே பிரஷர் பிளேட். மிதிக்கிற வேலையை இயந்திரம் செய்கிறது. மேலே சொன்ன அளவுகளும் கேள்விகளும் அப்படியே பொருந்தும். கூடுதலாக ஒன்று: கிளட்ச் மாற்றிய பிறகு ஸ்கேனர் போட்டு, புதுத் தகடு எங்கே பிடிக்கிறது என்று வண்டிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள்.

பொருத்துகிற வேலையில் உங்கள் கண்ணுக்குத் தெரியாத இரண்டு விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டம்மி ஷாஃப்ட் போட்டு பிளேட்டை நடுவில் நிறுத்தினார்களா? கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் பிளேட்டின் மேல் தொங்காமல் ஜாக்கியில் தாங்கினார்களா? தொங்கினால் புதுப் பிளேட் அங்கேயே வளைந்துவிடும், பிறகு எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் உதவாது. இன்னொன்று வேலை செய்கிற பையன்களுக்காகச் சொல்கிறேன். பழைய காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெரிய ஆபத்து. கிளட்ச் வாயில் படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதுகிற பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. எங்கள் பட்டறையில் முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். நீங்கள் நிற்கும்போது யாராவது ஊத ஆரம்பித்தால் தள்ளி நில்லுங்கள். அந்தப் பையனையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

புதுக் கிளட்ச் போட்டு வண்டியை எடுத்துப்போன பிறகு முதல் 500 கிலோமீட்டர் கொஞ்சம் பொறுமை வேண்டும். லைனிங்கின் முகமும் ஃப்ளைவீலின் முகமும் ஒன்றுக்கொன்று படிந்து வர அவ்வளவு ஓட்டம் தேவை. முதல் சில நாள் லேசாகப் புதுவாடை அடிக்கலாம், அது அடங்கிவிடும். கேபிள் கிளட்ச் என்றால் அந்த 500 கிலோமீட்டர் முடிந்ததும் ஒரு தடவை பட்டறைக்கு வந்து பெடலின் ஆட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்; அதற்கு நான் காசு வாங்குவதில்லை. அதுவரைக்கும் முழு பாரம் ஏற்ற வேண்டாம், இன்னொரு வண்டியைக் கயிறு கட்டி இழுக்க வேண்டாம், வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டு வால்பாறை ஏற வேண்டாம்.